நாலாவது கைக்கும் சீட்டுப் போட்டோம்

சில வருடங்களுக்கு முன், மார்கழி மழை விடாமல் பெய்துகொண்டிருந்த ஒரு நாள் மத்தியானம். திருகோணமலை உட்துறைமுகக் கரையில் இருக்கும் எங்கள் வீட்டின் மேல்மாடியில் இது நடந்தது. இதுவரை ஐந்தாறு பேருக்குத்தான் சொல்லியிருக்கிறேன். கேட்டவர்கள் பாதியை நம்பினார்கள், மற்றப் பாதிக்குச் சிரித்தார்கள். எந்தப் பாதி என்பது ஆளுக்கு ஆள் மாறியது.

எங்கள் வீட்டின் கீழ்ப்பகுதி என் கணவரின் பட்டறை. படகு எஞ்சின்கள் திருத்துகிறவர். மேலே நாங்கள் இருவரும். இரண்டு அறை, சமைக்க ஒரு குசினி, பலகைத் தளம். மேலே ஏறும் படி பட்டறைக்குள்ளேயே இருக்கிறது. ஜன்னலைத் திறந்தால் வள்ளங்கள் தெரியும், அதற்கு அப்பால் நங்கூரம் போட்டு நிற்கும் கப்பல்கள் தெரியும். டீசல், கிறீஸ் மணம் எங்கள் துணிமணியில்கூட இருக்கும். கலியாணமான புதிதில் தலையிடித்தது, பிறகு மூக்குக்குப் பழகிவிட்டது.

நான் உயர்தர வகுப்புப் பிள்ளைகளுக்குக் கணிதம் படிப்பிக்கிறவள். நிகழ்தகவு எனக்குப் பிடித்த பாடம். அந்தப் பைத்தியத்தில்தான் போனில் போக்கர் விளையாடப் பழகினேன். தனியாக விளையாடி அலுத்துப்போய் வீட்டில் மூன்று பேருக்கு அதைப் படிப்பித்தும் விட்டேன். ஒருவர் கணவர். மற்றவர் அவருடைய தமக்கை, எனக்கு மச்சாள், நகரத்தில் தையல் கடை வைத்திருப்பவர். மூன்றாமவர் கணவரின் கூட்டாளி, கிண்ணியாவில் எஞ்சின் உதிரிப்பாகக் கடை வைத்திருக்கும் ஒரு முஸ்லிம் பெரியவர். அவரை நாங்கள் எல்லோரும் அண்ணா என்ற பொருளில் நானா என்றுதான் கூப்பிடுவோம்.

"காசு வெச்சா நான் எழும்பிப் போயிருவன்" என்று நானா முதல் நாளே சொல்லிவிட்டார். சூது அவருக்கு ஆகாது. எங்களுக்கும் அதில் விருப்பமில்லை. மச்சாள் கடையிலிருந்து ஒரு பிஸ்கட் டின் நிறையப் பொத்தான்கள் கொண்டுவந்தார். சட்டைக்குத் தைக்கும் சின்ன வெள்ளைப் பொத்தானின் பெறுமதி ஒன்று. கறுப்புப் பொத்தான் ஐந்து. கோட்டுக்குத் தைக்கும் பெரிய சிவப்புப் பொத்தான் இருபத்தைந்து. விளையாட்டு முடிய எல்லாம் திரும்ப டின்னுக்குள் போய்விடும். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பிட்டு எழும்பினால் நாலு கதிரை, நாலு பேர்.

போக்கர் தெரியாதவர்களுக்கு இரண்டு வார்த்தை. ஒவ்வொருவர் கையிலும் மற்றவர் பார்க்காத இரண்டு சீட்டு. நடுவில் எல்லோருக்கும் பொதுவாக ஐந்து சீட்டு, முதலில் மூன்று, பிறகு ஒன்று, பிறகு ஒன்றாகத் திறப்பார்கள். ஒவ்வொரு தடவையும் பந்தயம் வைக்கலாம், அல்லது விட்டுவிடலாம். கடைசியில் கூடிய கை உள்ளவர் நடுவில் சேர்ந்ததை அள்ளுவார்.

இதில் எனக்குப் பிடித்தது எவ்வளவு வைப்பது என்று தீர்மானிப்பதுதான். எதிரில் இருப்பவரிடம் என்ன இருக்கிறது என்று தெரியாது. ஆனால் என்னென்ன இருக்கலாம் என்று மனதுக்குள் ஒரு பட்டியல் போடலாம். அவர் முதலில் எவ்வளவு வைத்தார், அடுத்த சீட்டுத் திறந்தபோது என்ன செய்தார் என்று பார்க்கப் பார்க்கப் பட்டியல் சுருங்கும். கடைசியில் மிஞ்சுகிறவை நல்ல சீட்டுகள் என்றால் பெரிய தொகை வைக்கலாம், அவர் விடமாட்டார். சுமாரானவை என்றால் சின்னதாக வைத்து இழுக்க வேண்டும். ஒன்றுமில்லாதவை என்றால் வைத்துப் பிரயோசனமில்லை.

இந்தக் கணக்கில் நான் கெட்டிக்காரி. அதாவது, அப்படி நினைத்துக்கொண்டிருந்தேன். மச்சாள் பயந்த விளையாட்டுக்காரி. எல்லாவற்றிலும் பெரிய சீட்டான ஏஸ் இரண்டு வந்தாலும் இரண்டு வெள்ளைப் பொத்தானுக்கு மேல் வைக்கமாட்டார். அவர் கறுப்புப் பொத்தானைத் தொட்டாலே நாங்கள் மூவரும் சீட்டைக் கீழே போட்டுவிடுவோம். கணவர் வாயால் விளையாடுகிறவர், நல்ல கை வந்தால் கதை கூடும். நானா நேர்மாறு. ஒன்றுமில்லாதபோது பெரிதாக வைத்துச் சிரிப்பார். நல்ல கை வந்தால் ஒரு சத்தமும் வராது.

அந்த ஞாயிற்றுக்கிழமை மூன்றாவது நாளாகப் புயல் மழை. விடியற்காலையிலேயே மின்சாரம் போய்விட்டது. "ரோட்டில தண்ணி, இண்டைக்கு வரேலாது" என்று நானா காலையில் போன் எடுத்துச் சொன்னார். மச்சாள் முதல்நாளே எங்கள் வீட்டுக்கு வந்து தங்கிவிட்டார். குளிர்சாதனப் பெட்டியில் ஒரு முழு அறக்குளா மீன் இருந்தது. அது பழுதாகிவிடும் என்று நான்தான் ஜெனரேட்டரைப் போடச் சொன்னேன்.

ஜெனரேட்டர் எப்போதும் வெளியே ஒரு தகரக் கொட்டிலுக்குள் நிற்கும். அன்று அந்தக் கொட்டிலுக்குள் மழை பக்கவாட்டில் அடித்தது. கணவர் அதைப் பட்டறைக்குள் இழுத்து, வாசலோடு வைத்து, இரும்புச் சுருள் கதவைப் பாதிக்குத் தூக்கிவிட்டார். "புகை வெளியால போகும்" என்றார். அது சரிதான். கதவு பாதி திறந்திருந்தவரைக்கும் சரிதான்.

மேலே ஜன்னல்களை இறுக்கி மூடி, தண்ணீர் உள்ளே வராமல் கீழ்ச் சந்துகளில் பழைய துணிகளைத் திணித்திருந்தோம். மீன் குழம்பும் சோறும் சாப்பிட்டோம். பிறகு மூன்று பேரும் மேசைக்கு வந்தோம். நானாவின் கதிரை வழமைபோல் ஜன்னல் பக்கம் இருந்தது. அதை யாரும் எடுத்து வைக்கவில்லை.

விளையாட்டுத் தொடங்கி ஒரு கால் மணித்தியாலம் இருக்கும். கீழே கடகடவென்று ஒரு சத்தம் கேட்டது. பிறகு காலடிச் சத்தம்போல ஏதோ.

"ஆரோ வந்தமாதிரிக் கிடக்கு" என்றார் மச்சாள்.

"காத்தக்கா" என்றார் கணவர். எழும்பிப் பார்க்க அவருக்குப் பஞ்சி. எனக்கும்தான்.

அதற்குப் பிறகு நடந்தவற்றை ஒழுங்காகச் சொல்ல எனக்கு ஏலாது. ஞாபகம் தொடர்ச்சியாக இல்லை. மழைச் சத்தம் தூரமாகப் போனது நினைவிருக்கிறது. மழை குறைகிறது என்று நினைத்தேன். ஆனால் ஜன்னல் கண்ணாடியில் தண்ணீர் அப்படியே வழிந்துகொண்டிருந்தது, சத்தம் மட்டும் இல்லை. மின்குமிழைச் சுற்றி மங்கலாக ஒரு வளையம் தெரிந்தது. நெற்றியில் ஒரு பட்டியை இறுக்கிக் கட்டினமாதிரித் தலையிடித்தது. மூன்று நாள் வீட்டுக்குள் அடைபட்டுக் கிடந்தால் தலையிடிக்கத்தானே செய்யும் என்று விட்டுவிட்டேன்.

அப்போது மச்சாள் எடுத்த எடுப்பிலேயே ஐந்து கறுப்புப் பொத்தானைத் தள்ளினார்.

நான் பட்டியலைப் போட்டேன். மச்சாள் இவ்வளவு வைத்தால் ஏஸ் சோடி, இல்லையென்றால் ராசாச் சோடி. வேறொன்றுமில்லை. சீட்டைப் போட்டுவிட்டேன். கணவரும் போட்டார். மச்சாள் தன் கையைத் திருப்பி வைத்தார். ஏழும் மூன்றும்.

"என்ன மச்சாள், ஆளை மாத்திட்டீங்கள்" என்று சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. தன் சீட்டையே பார்த்துக்கொண்டிருந்தார், அதில் என்ன எழுதியிருக்கிறது என்று வாசிக்கப் பார்ப்பவர்போல.

அடுத்த கையிலும் அப்படித்தான். அதற்கடுத்ததிலும். ஒரு சிவப்புப் பொத்தானை வைத்துவிட்டுப் பதினொன்று என்றார். நான் திருத்தினேன். ஓம் என்றார். திரும்பவும் பதினொன்று என்றார். கணவர் கதைப்பதை நிறுத்தியிருந்தார். தன் முறை வந்தால் விரலால் மேசையில் ஒரு தட்டு, அவ்வளவுதான்.

இந்த இடத்தை எழுதத்தான் எனக்குக் கை வரவில்லை. இரண்டு பேரும் தங்களுடைய இயல்பில் இல்லை என்பதை நான் கண்டேன். மற்ற எவரையும்விட முதலில் கண்டேன், ஏனென்றால் அவர்கள் எப்படி விளையாடுவார்கள் என்று அளந்து வைத்திருந்தவள் நான்தான். கண்டுவிட்டு என்ன செய்தேன் என்றால், பந்தயத்தைக் கூட்டினேன். மச்சாள் கண்டபடி வைக்கிறார், ஆகவே இனி அவருடைய பட்டியலில் எல்லாச் சீட்டும் உண்டு, ஆகவே என்னிடம் சுமாரான சோடி இருந்தாலே பெரிதாக வைக்கலாம். அப்படி வைத்து வைத்து என் முன்னால் பொத்தான் குவிந்தது. எனக்குச் சந்தோஷமாக இருந்தது. தலையிடித்துக்கொண்டே சந்தோஷமாக இருந்தது.

நானா எப்போது வந்தார் என்று தெரியவில்லை. படியேறி வந்ததையோ கதிரையை இழுத்ததையோ நான் கேட்கவில்லை. ஏதோ ஒரு நேரத்துக்குப் பிறகு அவர் இருந்தார். நேரே பார்த்தேன் என்று சொல்லமாட்டேன். கண்ணின் ஓரத்தில், ஜன்னல் வெளிச்சத்தைக் கொஞ்சம் மறைத்துக்கொண்டு, சீட்டு விளையாடும்போது அவர் குனிந்திருக்கும் அந்தக் குனிவோடு. அதில் எனக்கு ஒரு ஆச்சரியமும் வரவில்லை. நனையாமல் வந்திட்டாரே என்று மட்டும் நினைத்தேன்.

சீட்டுப் போடுவது ஒவ்வொரு கைக்கும் ஒருவர் முறை. நான் என் முறைக்கு நாலு பேருக்குப் போட்டேன். கணவரும் நாலு பேருக்குப் போட்டார். மச்சாளும் நாலு பேருக்குப் போட்டார். ஒருவரும் ஒருவரையும் கேட்கவில்லை. கை முடிந்ததும் நானாவின் முன்னால் கிடந்த இரண்டு சீட்டையும் நானே எட்டி எடுத்துக் கலைத்தேன்.

பிறகு அந்தக் கை வந்தது. என் கையில் ஒன்பதுச் சோடி. நடுவில் முதல் மூன்று சீட்டும் ராசா, ஒன்பது, நாலு. மூன்று ஒன்பதாகிவிட்டது. அடுத்து இன்னொரு ராசா. மூன்று ஒன்பதும் இரண்டு ராசாவும் சேர்ந்தால் அது லேசில் தோற்காத கை. கடைசிச் சீட்டு இரண்டு. அதனால் ஒருவருக்கும் ஒரு நன்மையுமில்லை. இனி என் முறை. எவ்வளவு வைப்பது?

மச்சாளைப் பார்த்தேன். அவர் விளையாடவில்லை. தன் பொத்தான்களை மேசையில் ஒன்றன்கீழ் ஒன்றாக, ஒரே இடைவெளி விட்டு, நேர்கோட்டில் அடுக்கிக்கொண்டிருந்தார். சட்டை முன்பக்கத்தில் வைத்துத் தைக்க அளவு பார்ப்பதுபோல. சரி, மச்சாள் இல்லை. கணவர் மேசையில் தலையை வைத்திருந்தார். அவரும் இல்லை. மிஞ்சியது நானாதான்.

நானா ஒரு சத்தமும் போடவில்லை. நல்ல கை வந்தால்தான் அவர் அப்படி இருப்பார். அவரிடம் ஒரு ராசா இருக்க வேண்டும். மூன்று ராசா வைத்திருப்பவர் எவ்வளவு வைத்தாலும் விடமாட்டார். ஆகவே பெரிதாக வைக்கலாம். ஆனால் எவ்வளவு பெரிதாக? அதற்கு அவர் தொடக்கத்திலிருந்து என்ன செய்தார் என்று பார்க்க வேண்டும்.

பின்னோக்கிப் போனேன். ராசா திறந்தபோது எவ்வளவு வைத்தார்? ஞாபகமில்லை. அதற்கு முன்? ஞாபகமில்லை. சரி, நடுவில் இருக்கும் பொத்தானை எண்ணினால் கண்டுபிடிக்கலாம். எண்ணினேன். திரும்ப எண்ணினேன். ஏழுக்குப் பிறகு என்ன எண் என்று யோசிக்க வேண்டியிருந்தது. நான் வைத்தது இருந்தது. மச்சாள் கைநிறைய அள்ளிப் போட்டது இருந்தது. கணவருடையது மூன்று வெள்ளை இருந்தது. அவ்வளவுதான்.

"நானா எவ்வளவு வைச்சவர்?" என்று கேட்டேன்.

"இருபத்தஞ்சு" என்றார் கணவர், தலையைத் தூக்காமல்.

மச்சாள் ஓம் என்று தலையாட்டினார்.

நடுவில் ஒரு சிவப்புப் பொத்தான்கூட இல்லை. அப்போதுதான் நான் கழுத்தைத் திருப்பி நானாவின் பக்கம் நேராகப் பார்த்தேன். அவருடைய இரண்டு சீட்டும் போட்டது போட்டபடி கவிழ்ந்து கிடந்தன. அவர் முன்னால் ஒரு பொத்தானும் இல்லை. தொடக்கத்திலிருந்தே அவருக்கு யாரும் பொத்தான் பிரித்துக் கொடுக்கவில்லை. பொத்தான் இல்லாத ஒருவருக்கு நான் அரை மணித்தியாலமாகப் பட்டியல் போட்டுக்கொண்டிருந்திருக்கிறேன். ஆனால் நேரே பார்த்தும் அந்தக் குனிவு போகவில்லை. கதிரை வெறுமையாகவும் இருந்தது, அவர் இருக்கவும் இருந்தார். எப்படி என்று கேட்டால் விளங்கப்படுத்த எனக்குத் தெரியாது.

எனக்குப் பயம் வரவில்லை. கணக்குப் பிழைக்கிறதே என்ற எரிச்சல்தான் வந்தது. அந்த எரிச்சலில் மேசையில் கிடந்த என் போனை எடுத்து நானாவின் இலக்கத்தை அமத்தினேன். எதிரில் இருக்கிறவருக்குப் போன் எடுப்பது ஏன் என்று அப்போது தோன்றவில்லை.

"சொல்லுங்க தங்கச்சி" என்றது போனில் அவர் குரல்.

"நானா, நீங்கள் எவ்வளவு வைச்சனீங்கள்?"

"என்னத்த?"

"இந்தக் கைக்கு. எனக்குக் கணக்கு வருகுதில்லை."

தகரக் கூரையில் மழை விழும் சத்தம் போனுக்குள் கேட்டது. எங்கள் வீட்டில் கேட்காத மழைச் சத்தம் அங்கே கேட்டது.

"தங்கச்சி, நான் கிண்ணியாவில ஊட்டதானே இரிக்கன். வரேலாது எண்டு காலையிலயே சொன்னனே."

"இல்லை. நீங்கள் இஞ்சதான் இருக்கிறீங்கள்."

நானா சிரிக்கிற மனிதர். அன்று சிரிக்கவில்லை. "அவர் எங்க?" என்று கேட்டார்.

"நித்திரை."

"அக்கா?"

"பொத்தான் அடுக்கிறா."

"பின்னால அது என்ன சத்தம், ஜெனரேட்டரா? எங்க வெச்சிரிக்கீங்க?"

"கீழ. உள்ளுக்க. மழைதானே நானா."

அவர் ஜெனரேட்டரும் விற்கிறவர். "தங்கச்சி, நான் சொல்றத மட்டும் கேளுங்க" என்றார். குரல் மாறியிருந்தது. "எழும்புங்க. ஜன்னலத் திறங்க. போன வெச்சிராதீங்க. எழும்பிட்டீங்களா?"

எழும்பினேன் என்று சொன்னேன், ஆனால் எழும்பியிருக்கவில்லை. கால் இருந்த இடம் தெரியவில்லை. மேசையைப் பிடித்து, பிறகு தரையில் தவழ்ந்து ஜன்னலடிக்குப் போனேன். தினமும் திறக்கும் ஜன்னல். அதன் கொக்கியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அதை மேலே தூக்குவதா, பக்கத்துக்குத் தள்ளுவதா என்று எனக்குத் தெரியவில்லை. ஒரு கொக்கி எப்படித் திறக்கும் என்பதே என் தலையில் இல்லாமல் போயிருந்தது.

"ஏலாமல் கிடக்கு" என்றேன்.

"ஒடைங்க. கதிரையால அடிச்சு ஒடைங்க."

பக்கத்தில் இருந்தது அவருடைய கதிரைதான். பலகைக் கதிரை. அதன் முதுகைப் பிடித்தேன். அவர் இருக்கிறாரே, எப்படித் தூக்குவது?

"நானா, எழும்புங்கோ" என்றேன். கதிரையைப் பார்த்துத்தான் சொன்னேன். போன் மற்றக் கையில் இருந்தது.

போனுக்குள் அவர் மூச்சை இழுப்பது கேட்டது. பிறகு மெல்லச் சொன்னார்.

"எழும்பிட்டன் தங்கச்சி. கதிரைய எடுங்க. எடுத்து அடிங்க."

அவர் எழும்பிவிட்டார். எனக்கு அது தெரிந்தது. ஜன்னலை மறைத்திருந்த அந்தக் கறுப்பு விலகினது. போனைக் கீழே போட்டுவிட்டுக் கதிரையைத் தூக்கி அடித்தேன். முதல் அடி சுவரில் பட்டது. இரண்டாவது அடியில் கண்ணாடி போனது. மழையும் காற்றும் முகத்தில் அறைந்தன. ஜன்னல் கட்டையில் வயிறு பட விழுந்து, வெளியே தலையைப் போட்டு வாந்தி எடுத்தேன். அடுத்த நிமிடமே மழைச் சத்தம் முழுவதும் திரும்பி வந்தது. அதோடு பயமும் வந்தது. அதுவரை வராத பயமெல்லாம் ஒரேயடியாக.

திரும்பி மச்சாளை இழுத்தேன். ஒரு முழத் தூரம்கூட அரக்க என்னால் முடியவில்லை. கணவரின் தலைமயிரைப் பிடித்து உலுப்பினேன். முனகினார். அதற்குள் கீழே சுருள் கதவு மேலே போகும் சத்தம் கேட்டது, ஜெனரேட்டர் நின்றது, படியில் ஆட்கள் ஏறி வந்தார்கள். என்னோடு கதைத்துக்கொண்டிருக்கும்போதே நானா மனைவியின் போனை வாங்கி எங்கள் பக்கத்து வீட்டு வள்ளக்காரருக்கு எடுத்திருக்கிறார். அவரும் இரண்டு மீனவர்களும் மூச்சை அடக்கிக்கொண்டு வந்து மூன்று பேரையும் தூக்கி மழைக்குள் கிடத்தினார்கள். அம்புலன்ஸ் வரும்வரைக்கும் வள்ளக்காரரின் மனைவி மச்சாளின் தலையை மடியில் வைத்துக்கொண்டு, முகத்தில் மழை விழாமல் ஒரு பேசினைக் குடைபோலப் பிடித்திருந்தார்.

காபனோரொட்சைட்டு, எஞ்சின் புகையில் இருக்கும் நச்சு வாயு, என்றார் ஆஸ்பத்திரியில் டாக்டர். நிறமில்லை, மணமில்லை. எஞ்சின் மணம் பழகிய மூக்குக்கு மற்றப் புகையும் தெரியவில்லை. பலகைத் தளத்தின் நீக்கல்களால் அது மேலே வந்திருக்கிறது. அது இரத்தத்தில் ஏறினால் இல்லாததும் தெரியும், கேட்கும் என்று அவரே சொன்னார். இன்னும் கால் மணித்தியாலம் போயிருந்தால் என்று தொடங்கி, எங்களுடைய முகங்களைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

மச்சாளுக்கு அடுத்த நாள் பின்னேரம்தான் நினைவு வந்தது. கண் திறந்து அவர் கேட்ட முதல் கேள்வி, "நானா சாப்பிடாமலோ போனவர்?" என்றுதான். கணவரும் அம்புலன்சில் கேட்டிருக்கிறார், நானாவையும் இறக்கியாச்சோ என்று. மூன்று பேரும் வேறு வேறு கட்டிலில், வேறு வேறு நேரத்தில், ஒரே ஆளைத்தான் தேடினோம். ஒவ்வொரு ஞாயிறும் அதே கதிரையில் இருக்கும் மனிதர் என்பதால், மயங்கிய மூளை அந்த வெறுமையைப் பழகிய ஆளைக் கொண்டு நிரப்பியிருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். அது நியாயமான விளக்கம்தான்.

தண்ணீர் வற்றிய பிறகு நானா ஆஸ்பத்திரிக்கு வந்தார். வாசலில் அவரைக் கண்டதும் என் கண் முதலில் அவருடைய சட்டைக்குத்தான் போனது. அந்தக் கதிரையில் நான் கண்டதோடு ஒத்துப்பார்க்க, எதற்கும் கேட்டேன். "அண்டைக்கு நீங்கள் என்ன நிறச் சட்டை போட்டிருந்தனீங்கள்?"

"அது வேணாம் தங்கச்சி. கேட்டு என்ன செய்யப் போறீங்க?" என்றார். பிறகு நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

கீழே கேட்ட அந்தக் கடகட சத்தம் என்னவென்று பிறகு தெரிந்தது. பக்கத்து வீட்டு வள்ளக்காரர்தான். தெருவால் போனவர், மழை உள்ளே அடித்துத் திருத்தக் கிடக்கும் எஞ்சின்கள் நனைகின்றனவே என்று, எங்களுக்கு உதவியாக, சுருள் கதவை முழுக்க இறக்கிவிட்டுப் போயிருக்கிறார். எங்கள் ஜெனரேட்டர் வழமைபோல் வெளிக் கொட்டிலில் ஓடுகிறது என்றே நினைத்தாராம். மழை இரைச்சலில் எந்த வீட்டு ஜெனரேட்டர் எங்கே ஓடுகிறது என்று யாருக்குத் தெரியும்? அந்த மனிதர் ஆஸ்பத்திரி விறாந்தையில் நின்று, "நான்தான் தம்பி, என்ர இந்தக் கையாலதான்" என்று அழுதார். "நான் உள்ளுக்க கொண்டுவந்து வைச்சதுதான் அண்ணை பிழை" என்று கணவரும் அழுதார். இருவரும் மாறி மாறிப் பிழையைத் தங்கள் பக்கம் இழுத்துக்கொண்டிருந்தார்கள். நான் ஒன்றும் சொல்லாமல் பக்கத்தில் நின்றேன்.

என்னுடையதைச் சொல்ல எனக்கு எட்டு மாதம் சென்றது. மச்சாள் அதுவரைக்கும் கடை திறக்கவில்லை. வீட்டில் வைத்து அளவெடுத்து எழுதுவார், எழுதியதைத் தானே வாசித்து இது யாருடைய அளவு என்று கேட்பார். மெல்ல மெல்லத்தான் சரியாகினார். முதல்முதலாக ஒரு பள்ளிக்கூடச் சட்டையைப் பிழையில்லாமல் தைத்து முடித்த நாள், அவருடைய கடையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். உங்களுக்கு ஏதோ ஆகிவிட்டது என்று அந்த மத்தியானம் நான் முதலிலேயே கண்டேன், மச்சாள். கண்டும் உங்களைப் பார்க்கவில்லை. உங்கள் பொத்தானைத்தான் பார்த்தேன். கூட்டிக் கூட்டி வைத்தேன்.

மச்சாள் தையல் மெசினை நிறுத்தினார். "அப்ப எனக்குச் சுகமில்லை எண்டு உமக்குத் தெரியுமோ?"

"சுகமில்லை எண்டு தெரியாது. நீங்கள் நீங்களாய் இல்லை எண்டு தெரியும்."

பரவாயில்லை என்று சொல்வார் என எதிர்பார்த்தேன். அவர் அதைச் சொல்லவில்லை. "இனிமேல் கேளும்" என்றார். "என்னெண்டாலும் வாயைத் திறந்து கேளும்." பிறகு மெசினை மிதிக்கத் தொடங்கினார்.

அதைத்தான் இப்போது செய்கிறேன். போன மாதம்கூட, வகுப்பில் எப்போதும் முதலாவதாக வரும் ஒரு பிள்ளை சோதனைத் தாளில் ஒரே கணக்கை மூன்று தரம் செய்து வைத்திருந்தாள். முந்தி என்றால் படிக்காமல் வந்திருக்கிறாள் என்று ஒரு காரணத்தை நானே போட்டு, புள்ளியைக் குறைத்துவிட்டு அடுத்த தாளுக்குப் போயிருப்பேன். அன்று அவளை நிறுத்தி, "என்ன பிள்ளை நடந்தது?" என்று கேட்டேன். அவள் சொன்னது அவளுடைய வீட்டுக் கதை, அதை இங்கே எழுதமாட்டேன். கேட்டதால் என் கையாலும் ஏதோ கொஞ்சம் செய்ய முடிந்தது.

மனிதர்களைக் கணிக்கிற பழக்கம் என்னைவிட்டுப் போகவில்லை, போகவும் போகாது, ஆனால் எனக்குத் தெரிந்த ஒருவர் திடீரென்று வேறு ஆளாகத் தெரிந்தால், அதனால் எனக்கு வரக்கூடியதை எண்ணத் தொடங்கும் முன், அந்த மத்தியானம் பக்கத்தில் இருந்த மச்சாளிடம் நான் கேட்காமல் விட்ட "உங்களுக்கு என்ன செய்யுது?" என்ற ஒரு கேள்வியைக் கேட்டுவிடுகிறேன்.